தப்பில் பிறந்த பைலா

கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் இளைஞர்கள் இன்று மாலை தப்புக் காய்ச்சினார்கள். காய்ந்த மானாப்புல்லைக் கூட்டித் தீமூட்டி, தப்புகளை அதன்மேல் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். சூடேறிய தோலின் வாடை என் வாசல் வரை வந்தது. நாளை நுவரெலியாவில் கலைவிழாவாம். தப்பும் கிட்டாரும் சேர்த்து, தமிழும் சிங்களமும் கலந்து பைலா பாடப்போகிறார்களாம். அவர்களில் ஒருவன் வந்து, "தாத்தா, அந்தக் காலத்துலேயே நீங்க டவுன் மண்டபத்துல பைலா பாடினவராமே, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். "ஆமா, பாடினேன்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

நாம் இருவரும் கந்தப்பளைக்கு மேலேயிருந்த தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தோம். நீ ரோலர் பக்கம். நான் தூளை எடைபோட்டுப் பெட்டியில் அடைக்கும் பக்கம். என் அப்பா கங்காணி. உன் அப்பா விடியற்காலையில் தப்படித்து ஆட்களை வேலைக்கு எழுப்புகிறவர். சாவு விழுந்தால் சாவுக்கும் அவர்தான் அடிக்க வேண்டும். அவருக்குப் பிறகு அந்தத் தப்பு உன் தோளுக்கு வந்தது. வெளியில் நான் எதிர்ப்பட்டால் நீ ஒதுங்கி நின்று, "வாங்க சின்னக் கங்காணி" என்பாய். நமக்கு ஒரே வயது.

அப்போது எனக்குப் புதுப் பாட்டு என்றால் இங்கிலீஷ் பாட்டுதான். தொரைமார் கிளப்பில் சனிக்கிழமை வாசித்ததும், ஸ்டோரை நடத்திய டீமேக்கர் ஐயாவின் பங்களா ரேடியோவில் வந்ததும் அதுதான். ஒரு சொல்கூடப் புரியாமல் வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, பெரிய விஷயம் தெரிந்தவனைப் போல வாயசைத்துக்கொண்டு திரிவேன். நம் பாஷையில் கோயில் பாட்டு இருக்கும், சினிமாப் பாட்டு இருக்கும், ஒப்பாரி இருக்கும், ஆடவைக்கிற அந்தத் துள்ளல் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கெடுத்தவர் லொறிக்கார அந்தோனி அண்ணன். பெட்டிகளை நானுஓயா ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போக வாரம் இரண்டு முறை வருவார். சிலாபத்துக் கடற்கரையில் பிறந்தவர். சிங்களம்தான் வீட்டுப் பாஷை என்றாலும் தமிழும் தண்ணீர் மாதிரி வரும். ஒரு நாள் மழை விடாமல் அடித்தது. பெட்டி நனையக்கூடாது என்று ஏற்றுவதை நிறுத்திவைத்தோம். அவர் ஸீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பேன்ஜோவை எடுத்து, லொறிப் படியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். பாட்டில் பாதி சிங்களம், மீதி எந்தப் பாஷையென்றே தெரியவில்லை.

"இது என்னா பாஷைண்ணே?" என்று கேட்டேன்.

"பறங்கிப் பாஷை தம்பி. போர்த்துக்கீசன் விட்டுட்டுப் போனது. தாளம் அவன் ஆப்பிரிக்காவுலேர்ந்து கூட்டிட்டு வந்த காப்பிரிங்களோட தாளம்னு சொல்றாங்க. எங்க பக்கம் கல்யாண வீட்டுல பாடுவோம். பைலா."

"அர்த்தம்?"

"யாருக்குத் தெரியும்? கால் ஆடுதா இல்லையா, அதப் பாரு."

என் கால் ஆடியது. ஆனால் நீ என்ன செய்தாய்? தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த வெறும் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாய். இரண்டு ஈர்க்குகளை எடுத்து அதன்மேல் தட்டினாய். முதல் சுற்றில் தடுமாறினாய். இரண்டாவது சுற்றில் அந்தோனி அண்ணன் வாசிப்பை நிறுத்திவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்தாதீங்கண்ணே" என்றாய். என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக, "டேய், இது நம்ம அடிதான்டா. ஒரே ஒரு எடத்துல மட்டும் இடுப்ப ஒடிக்குது" என்றாய்.

அந்த 'டேய்' எனக்குக் குறையாகப் படவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதையாவது நம்பு.

அதன்பிறகு லொறி வரும் நாளுக்காகவே இருந்தோம். நீ வீட்டிலிருந்து தப்பைக் கொண்டுவந்தாய். உலர்த்தும் அடுப்பின் வாயிலேயே அதைச் சூடாக்குவாய். தடித்த குச்சியால் அந்தோனி அண்ணனுக்குப் பதில் சொல்வாய். மெல்லிய குச்சியால் அவரைக் கேலி செய்வாய். நான் சொற்கள் கட்டினேன். முதலில் கட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது:

யமு யமு மல்லி, லொறி கெளம்பிருச்சு,
தேயில போகுது சீமைக்கு, நாம போறது எங்க?

'யமு' என்றால் போவோம், 'மல்லி' என்றால் தம்பி. சிங்களத்தில் எனக்குத் தெரிந்திருந்ததே அவ்வளவுதான். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். ஸ்டோர் காவல்காரர் குணபால, முறைக்கிற முகத்தோடே இடுப்பை அசைத்தார். அந்த மூன்று நான்கு மாதங்களில் ஒரே குவளையில் மூவரும் தேநீர் குடித்தோம். மூவர் மட்டும் இருக்கும்போது நான் உனக்கு 'டேய்'. நான்காவது ஆள் வந்தால் அந்த நொடியே 'நீங்க' ஆகிவிடுவேன். மாறுகிறது தெரியாமல் மாற்றுவாய். அதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஏப்ரல் வந்தது. தொரைமாரும் கொழும்புக்காரர்களும் நுவரெலியாவுக்கு ஏறிவரும் காலம். டவுன் மண்டபத்தில் தோட்டத்து உத்தியோகத்தர்கள் ஒரு கச்சேரி வைத்தார்கள். டீமேக்கர் ஐயா நம்மைக் கூப்பிட்டு, "மூணு பேரும் வந்து ரெண்டு பாட்டுப் பாடணும்" என்றார். கந்தப்பளை பஜாரில் தைக்கிற நானாவிடம் ஒரே நீலத்துணியில் மூன்று சட்டை தைத்தோம். அளவெடுக்கும்போது நீ கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாய். "ஆடாம நில்லுப்பா, துணி கோணிக்கும்" என்று நானா அதட்டினார்.

கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பாவுக்குச் சேதி எட்டிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பாடு, நான் வேணாங்கல. ஆனா சாவுக்கு அடிக்கிறவன் தோளோட தோள் ஒட்டி என் மகன் மேடையில நின்னான்னு ஒரு பேச்சு வந்துச்சு, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத."

மறுநாள் உன்னிடம் வந்தேன். ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்க்காமல், "தப்பு வேணாம்னு டீமேக்கர் ஐயா சொல்லிட்டாரு. டவுன் ஆளுங்களுக்குச் சாவு ஞாபகம் வந்துருமாம். பொங்கோ மேளத்துக்கு வேற ஆள வச்சுக்கச் சொல்றாரு" என்றேன்.

துணியைப் பிழிந்தாய். "ஐயா சொன்னா சரி" என்றாய்.

அந்தோனி அண்ணனிடம் உனக்குக் காய்ச்சல் என்றேன். டீமேக்கர் ஐயாவிடமும் அதையேதான் சொன்னேன். நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வாசிக்கிற ஓர் ஆளைப் பிடித்து பொங்கோவுக்கு நிறுத்தினேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று என்று அந்த நான்கு நாளும் சுறுசுறுப்பாகத்தான் இருந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்று நான் நன்றாகப் பாடினேன். மண்டபம் எழுந்து ஆடியது. வெள்ளைக்காரி ஒருத்திகூட விரலைச் சொடுக்கினாள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. உன்னை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில்தான் பின்கதவோரம் அந்த நீலச் சட்டையைப் பார்த்தேன். பொத்தான் எல்லாம் போட்டு, தலையைப் படியச் சீவிக்கொண்டு நின்றாய். பாட்டுக் கேட்கத்தான் வந்திருந்தாய்.

உன் பக்கத்தில் டீமேக்கர் ஐயா நின்றார். அவர் உன்னிடம் கேட்டதை, மேடையிலிருந்து இறங்கியதும் என்னிடமே சொன்னார். "அவனுக்குக் காய்ச்சல்னு சொன்னியே? நல்லாத்தானே நிக்கிறான். 'நீ ஏன்டா மேல போகல, உன் அடியக் கேட்டுத்தானே நான் இந்தக் கோஷ்டியையே கூப்பிட்டேன்'னு கேட்டேன். கும்பிட்டுட்டுப் போயிட்டான்."

நான் வெளியே ஓடினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கந்தப்பளைப் பாதையில் நீ தூரத்தில் போய்க்கொண்டிருந்தாய். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். உள்ளே யாரோ என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். திரும்பிப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நானாக வந்து உன் பக்கத்தில் நின்றேன். அங்கே வேறு யாருமில்லை. "நல்லாப் பாடினீங்க" என்றாய். "பொங்கோக்காரன்தான் ரெண்டாவது பாட்டுல பின்னுக்குப் போயிட்டான்." 'பாடினீங்க.' அன்றிலிருந்து சாகும்வரை நான் உனக்கு 'நீங்க' தான். விஷயம் தெரிந்ததும் அந்தோனி அண்ணன் பேன்ஜோ கொண்டுவருவதையே விட்டுவிட்டார். "ஒனக்கு வாசிக்க எனக்குக் கை வராது மல்லி" என்று ஒருமுறை சொன்னார். பிறகு அவர் பாதையை மாற்றிவிட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் அப்பா செத்துப்போனார். முறைப்படி ஆள் அனுப்பினோம், முறைப்படி நீ வந்தாய். உன் தம்பிகளோடு வாசலுக்கு வெளியே நின்று காலையிலிருந்து அடித்தாய். என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல உங்களுக்குத் தகரக் குவளைகளில் தேநீர் போனது. நான் உள்ளே போய் வீட்டு டம்ளர் ஒன்றில் தேநீர் ஊற்றி, உனக்கென்று எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். பெரியப்பா என் கையிலிருந்த டம்ளரையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அங்கேயே நின்று அந்தத் தேநீரைக் குடித்தேன்.

நீ அதைப் பார்த்தாய். அடி மாறவில்லை. அந்த ஊர்வலம் முழுக்க உன் கையையே கவனித்தபடி கொள்ளிச்சட்டியோடு நடந்தேன். எங்காவது ஓரிடத்தில், என்னைக் குத்திக்காட்டவாவது, அந்த இடுப்பொடிக்கும் துள்ளலை நுழைப்பாய் என்று எதிர்பார்த்தேன். நுழைக்கவில்லை. என் அப்பனுக்குச் சேரவேண்டிய மரியாதையில் ஒரு தட்டுகூடக் குறையாமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாய். நீ பழிவாங்கியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நம்மில் யாருக்கும் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. இங்கே மனுப்போட்டுக் காத்திருந்தவர்கள் ஒரு பக்கம், இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பியவர்கள் ஒரு பக்கம். நீ இந்தியாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். பார்த்தறியாத ஊர். இங்கேயே மனுப்போடச் சொல்லி உன்னைத் தடுக்கிற உரிமை எனக்கு இருக்கவில்லை.

நானுஓயா ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்பாரமே அழுதுகொண்டிருந்தது. நீ மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் எழுந்தாய்.

"என்னாங்க, இவ்வளவு தூரம்?"

"அன்னைக்குத் தப்பு வேணாம்னு டீமேக்கர் ஐயா சொல்லல. எங்க அப்பாதான் சொன்னாரு."

"தெரியுங்க. மண்டபத்துலேயே தெரியும்." குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாய். "உங்க அப்பா சொன்னதுல எனக்குக் கோவமில்ல. அவர் வேற எப்படிச் சொல்வாரு? நீங்க வந்து, 'எங்கப்பா இப்படிச் சொல்றாருடா, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லியிருந்தா, அந்தப் பொங்கோக்காரனுக்கு நானே அடி சொல்லிக் குடுத்திருப்பேன்."

"மன்னிச்சிரு" என்றேன்.

"ரயில் வந்துருச்சுங்க" என்றாய். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கக் கை கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை. ஏறிய பிறகு உன் மனைவி ஜன்னல் வழியாக என்னைக் காட்டி "யாரு?" என்று உன்னிடம் கேட்டது தெரிந்தது. நீ சொன்ன பதில் என் காதில் விழவில்லை.

நீ இந்தியாவில் எங்கே இருக்கிறாய் என்ற செய்தியே பல வருஷம் கழித்துத்தான் வந்தது. இறந்த செய்தி அதற்கும் பிறகு. நம் தோட்டத்திலிருந்து கோத்தகிரிக்குப் போன ஒருவர் உறவைப் பார்க்க வந்தபோது சொன்னார். அங்கேயும் தேயிலை ஃபேக்டரியில்தான் வேலை செய்தாயாம். நெஞ்சு வலியில் போய்விட்டாயாம். "சாவுக்கு வெளியாளுங்களக் கூட்டியாந்து மேளம் அடிச்சாங்க. நான் அவரு மகன்கிட்ட, 'உங்கப்பா அடிச்சா மலையே ஆடுமே, அவருக்குப் போயி இப்படி ஒரு அடியா?'ன்னேன். அந்தப் பய முழிக்கிறான். 'எங்கப்பாவா? அவருக்குத் தப்பு அடிக்கத் தெரியுமா?'ங்கிறான். ஒரு நாள்கூட வீட்டுல விரலால தட்டினதில்லையாம்."

அவர் போன பிறகு உன் மகனின் விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டேன். உன் அப்பா கையில் எது இருந்தது, ஒரு மழை நாளில் கவிழ்த்துப்போட்ட தேயிலைப் பெட்டிமேல் அவர் எதைக் கண்டுபிடித்தார், மூன்று பாஷை கலந்த ஒரு பாட்டு அவர் அடியில் எப்படி எழுந்து நின்றது என்று அவனுக்குச் சொல்ல இனி என்னைத் தவிர யாருமில்லை. அந்தோனி அண்ணனும் போய்விட்டார். பல தடவை எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் ஓடிவிடுகிறது. அடுத்த பக்கத்தில், "அப்புறம் ஏன் அப்பா விட்டுட்டாரு?" என்று அவன் கேட்பான். அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. பாட்டை மட்டும் எழுதி மற்றதை மறைக்கலாம் என்றால், அது இன்னொரு பொய்.

அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன். உண்மையைச் சொல்லியும் பதில் வராத ஒரே விலாசம் உன்னுடையதுதான்.