வாசலில் இறக்கிவைத்த மாதா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா போன பிறகு நீங்களே விறகு தூக்குவதாகத் தங்கை சொன்னாள். வேண்டாம். நான் நலம். தோள் மட்டும் வீங்கியிருக்கிறது. அடியில்லை, மாதாவைச் சுமந்ததுதான்.

இங்கே நேப்பிள்ஸில் எங்கள் சந்துத் திருவிழா. எல்லோரும் பவனியில் இருப்போம் என்று கணக்குப் போட்டு, எங்கள் சந்தில் குடியிருக்கும் டொமேனிக்கா அக்காவைப் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேற்ற அன்றே போலீஸ் வந்தது. கட்டடம் சுற்றுலா விடுதியாகப் போகிறது. நாங்கள் பவனியில் சுமந்துவந்த மாதா சுரூபத்தை அவள் வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டோம்.

பங்குச் சாமியார் ஓடிவந்தார். "மாதாவை அரசியலுக்கு இழுக்காதீங்கடா!"

"பிள்ளை பெற இடமில்லாம அலைஞ்சவ சாமி அவ," என்றாள் அக்கா. "அவளுக்குத் தெரியாத அரசியலா?"

"தூக்குங்கடா," என்றார் போலீஸ் அதிகாரி.

"நீங்களே தூக்குங்க சார். உங்க அம்மா டிவியில பாக்கட்டும்," என்றேன், திருவிழாவைப் படமெடுத்த கேமராவைக் காட்டி.

அவர் தொப்பியைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்காதீர்கள். வியாழக்கிழமை திரும்பி வருவார்கள். கட்டடத்தை வாங்கியவர்தான் கோயிலுக்குப் புது மணி கொடுத்தவர். அதனால் மாதாவைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனி வாசலை மறிக்க நாங்கள்தான். கிடங்கு வேலை முடிந்ததும் முறைபோட்டு அந்த வாசற்படியில் உட்காருகிறோம். அலுத்துப்போகிறது அம்மா. கல் சில்லென்றிருக்கிறது.

அப்பா நம்மூர்ப் பவனியில் மாதாவைச் சுமக்கத் தோளில் வைத்த சிறு மெத்தையை அனுப்புங்கள். உட்கார உதவும். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

என் முறை வந்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகன்,
நுன்சியோ