மஞ்சள் பெட்டியும் நூல் கடை சிலேட்டும்

மே 12, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. கரிசல் காற்று. காயப்போட்ட துணி முழுக்கப் புழுதி, மறுபடி அலசல்.

கம்பைல் பாதியில் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல நாள். திரும்ப முதலிலிருந்து.

பாக்கி: தீப்பெட்டி ஆபீசில் ஜி.எஸ்.டி. கணக்கு (முதலாளி முகம் சரியில்லை). கேஸ் சிலிண்டர் பதிவு. காலர் மெனுவில் இரண்டு தமிழ்ச் சொல். பேட்டரி.

வீட்டுக்காரர் பஸ் டூட்டி முடிந்து வந்து கண்டக்டர் பையைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். “ஏட்டி, அந்தப் பொட்டி காலையிலிருந்து உறுமுது. என்னதான் வேகுது உள்ள?”

எத்தனை தடவை சொல்வது. சட்டை, பாவாடைக்குக் கட்டிங் வரையும் மென்பொருள். வெளிநாட்டில் நாலைந்து பேர் எழுதி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய 32 பிட் கணினியில் ஓடுகிற மாதிரி தயார் செய்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். புதியம்புத்தூர் தையல் யூனிட்டுகளில் இருப்பது முக்கால்வாசி அந்தப் பழைய பெட்டிதான். துணியை வெட்டாமல் கொடுத்தால் யார் உடுத்துவது? ரெடிமேடாக வேண்டும். மூலநிரலைக் கம்பைல் செய்து, ஓடுகிற ஃபைலாக்கி நான் கொடுக்கிறேன். தமிழ் மெனுவும் என் வேலை. அங்கே எல்லோரும் அதைத் ‘தாயி பேட்டர்ன்’ என்கிறார்கள். சண்முகத்தாய் என்ற என் முழுப் பெயர் யாருக்கு வேண்டும்.

சாயங்காலம் பு.பு.விலிருந்து (புதியம்புத்தூர்தான்) தையல் யூனிட் ராஜகனி அக்கா போன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் நெருக்கும் நேரம். “தாயி, ஒன் பேட்டர்னத் தொறந்தா என்னைய சீட்டு வெளாடக் கூப்புடுது. ரம்மியாம். கட்டிங் மாஸ்டர் சிரிக்காரு.”

என்னுடையதில் ரம்மியா?

மே 13, புதன்

அரை நாள் லீவு. பு.பு. போனேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பி சுட்டது.

அக்காவின் கணினி தவழ்கிறது. திறந்தால் ரம்மி, மூடினால் கடன் விளம்பரம். பாவாடை அளவு ஒன்றைத் திறப்பதற்குள் டீ ஆறிவிட்டது. நான் கொடுத்த ஃபைல் இல்லை இது. பெயர் அதே, படம் அதே, எடை மட்டும் கூட. என்னுடையதைப் பிரித்து, உள்ளே விளம்பரச் சனியன் இரண்டைத் திணித்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

யார் போட்டது என்று கேட்டேன். நம் ஊர் மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடை குணசேகரன் அண்ணாச்சி. சர்வீசுக்கு வந்தவர், “புது வெர்ஷன்” என்று பென் டிரைவில் போட்டுக் காசும் வாங்கிப் போயிருக்கிறார். இன்னும் பல யூனிட்டில் இதே கதை.

“அக்கா, போடும்போது எச்சரிக்கை வரலையா?”

“வந்துச்சு. வெளியிட்டவர் தெரியாதவர்னு மஞ்சப் பொட்டி. நீதான எழுதிக் குடுத்திருக்க, பயப்படாம அமுக்குன்னு.”

சுவரில் என் கையேட்டுத் தாள். நாலாவது வரி: மஞ்சள் பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம், ‘ஆம்’ அழுத்தவும். நானே டைப் அடித்தது. வெளியிட்டது நான்தான் என்று ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடக் காசில்லாமல் எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லிக் கொடுத்தேன், அதே வாசல் வழியாக அவர் நுழைந்துவிட்டார். எரிச்சல், அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

மே 14, வியாழன்

ஆபீஸ் விட்டு நேராகக் குணசேகரன் கடை. ஏ.சி. ஓடுகிறது. உட்காரச் சொன்னார், குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். எனக்கு வேண்டாம் என்றேன்.

“எலவசமாக் குடுத்த சாமான். யாரும் விக்கலாம்னு அதுலயே எழுதியிருக்கு. நானும் படிச்சிட்டுத்தாம்மா செய்யுதேன்.”

உண்மை. உரிமத்தில் அப்படித்தான் இருக்கிறது. விற்கட்டும். ஊருக்கெல்லாம் விற்கட்டும். மாற்றினால் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும் என்றும் அதே உரிமத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. “ரம்மிய ஒங்க பேருல வெளாடுங்க அண்ணாச்சி. எம்பேரு எதுக்கு?” என்றேன்.

சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பு.பு. யூனிட்காரர்கள் கூட்டம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றை அங்கே காட்டப் போகிறாராம். தாயி பேட்டர்னை எல்லா யூனிட்டிலும் அழித்துவிடுவது என்று பேச்சு இருக்கிறதாம். “வைரஸ்னு பேராயிப் போச்சு. பேசாம நிப்பாட்டிக்கிடுங்க. ஒங்களுக்கும் நிம்மதி.”

நோயைக் கொடுத்தவரே மருந்தும் விற்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர்: “விட்டுருட்டி. சம்பளமா தாராவ அவிய?”

“தரல. அதனாலதான் என்னைய யாரும் நிப்பாட்ட முடியாது.”

ரசம் ஊற்றிக்கொண்டார். வெண்டைக்காயில் உப்பு அதிகம், அதையும் தின்று முடித்தார்.

மே 15, வெள்ளி

புழுக்கம். மழை வரும் போல இருட்டி, வராமல் போனது.

மஞ்சள் பெட்டியில் என் பெயர் வர வேண்டுமானால் கையெழுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், வருஷா வருஷம். அந்தத் தொகைக்கு துணி ஓரம் அடிக்கும் நல்ல ஓவர்லாக் மெஷினே வரும். முடியாது. அழ மாட்டேன், வேறு வழி பார்ப்பேன்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் விரல் ரேகை போல ஒரு ரேகை உண்டு. நீளமான எழுத்தும் எண்ணும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மொத்தமும் மாறும். கணினியில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் காட்டிவிடும். சரியான ரேகை எது என்பதை ஃபைலோடு அனுப்பினால் பிரயோசனமில்லை, ஃபைலை மாற்றுகிறவர் அதையும் மாற்றுவார். வேறு இடத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் தினம் பார்க்கிற இடத்தில்.

கணக்குப் போடும்போது சட்டென்று பட்டது. பு.பு. நூல் கடை வாசல் சிலேட். என்ன கலர் நூல் வந்திருக்கிறது, பட்டன் என்ன விலை என்று எழுதிப் போடுவார்கள். அதைப் பார்க்காமல் எந்த யூனிட்டும் ஷட்டரைத் தூக்காது.

நூல் கடை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். “மேல ரெண்டு வரி எடுத்துக்கோங்க. ஆனா நீங்களே வந்து எழுதணும். எனக்கு இங்கிலீஸ் எழுத்து கோணும்.”

மே 17, ஞாயிறு

காலையிலேயே போய் என் ஃபைலின் ரேகையைச் சிலேட்டில் எழுதிவிட்டேன்.

கூட்டம் கல்யாண மண்டபச் சாப்பாட்டு அறையில். குணசேகரன் புரொஜெக்டர், வெள்ளைச் சட்டை. அவர் மென்பொருளில் மஞ்சள் பெட்டி வராதாம். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

என் முறை. எழுதி வைத்த பேச்சு மறந்தே போயிற்று. கையேட்டுத் தாளை எடுத்து நாலாவது வரியை வாசித்தேன். “இது நான் எழுதுனது. தப்பு. இனிமே யார் குடுத்தாலும் சரி, சிலேட்டப் பாத்து ஒத்து வந்தாத்தான் போடணும். என்னையும் நம்பாதீங்க.” ராஜகனி அக்காவிடம் குணசேகரன் விட்டுப் போயிருந்த பென் டிரைவை மாட்டிக் கட்டளை அடித்தேன். ஒருவர் சிலேட்டை ஃபோட்டோ எடுத்து வந்து உரக்க வாசித்தார். முதல் எழுத்திலேயே வேறு. அடுத்து என்னுடையது. கடைசி எழுத்து வரை ஒன்று.

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும், “அப்பம் ரம்மி இவருதா?” என்று குணசேகரன் பக்கம் திரும்பினார்.

குணசேகரன் அசரவில்லை. “தையக்காரவிய ஊசியப் பாப்பாவளா, ஒங்க சிலேட்டப் பாப்பாவளா? ரெண்டு நாள் பாப்பாவ. அப்புறம் பழையபடி ஆமான்னு அமுக்குவாவ.”

முடிவு: பள்ளி திறக்கும் வரை தாயி பேட்டர்ன் இருக்கலாம். அதற்குள் இன்னொரு புகார் வந்தால் எல்லோரும் அழித்துவிடுவது.

குணசேகரன் சொன்னதுதான் மனதில் அறுக்கிறது. பார்ப்பார்களா?

மே 18, திங்கள்

புதுக் கையேடு அச்சடித்தாயிற்று, ரேகை காட்டும் கட்டளையும் சேர்த்து. நாலாவது வரி: மஞ்சள் பெட்டி வந்தால் நிறுத்தவும். சிலேட்டைப் பார்க்கவும்.

பேட்டரி வாங்கிவிட்டேன்.

ஒரு யூனிட்டிலிருந்து எழுதியிருந்தார்கள், சட்டைக் கை அளவு அச்சில் நூலளவு சிறிதாக விழுகிறதாம். சரிதான், என் தமிழ்ச் சொல் ஒன்று நீண்டு அச்சில் அளவை இடித்திருக்கிறது. திருத்தி, கம்பைல். பேட்டரி புண்ணியத்தில் ஒரே மூச்சில் முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. நாளை காலை வீட்டுக்காரர் பென் டிரைவையும் கையேட்டையும் தூத்துக்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார், அவர் பு.பு.வில் இறக்கிவிடுவார்.

கேஸ் பதிவு மறுபடி மறந்தது.

மே 20, புதன்

ஆபீசில் இருக்கும்போது ராஜகனி அக்கா போன்.

“தாயி, நீ அனுப்புனது ஒத்து வரல.”

“நாந்தான் அக்கா அனுப்புனேன். எங்க வீட்டுக்காரரு கையால குடுத்து விட்டது.”

“இருக்கட்டும். சிலேட்டுல இருக்கது வேற, இங்கன வாரது வேற. ரெண்டு தடவ பாத்தேன். கட்டிங் மாஸ்டரும் பாத்தாரு. போட மாட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை அளவு திருத்தம் அக்கா, அவசியம், யூனிஃபார்ம் ஆர்டர் கெட்டுப்போகும் என்றேன். என் குரல் உயர்ந்ததைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்தார்.

“நீதான சொன்ன, என்னையும் நம்பாதீங்கன்னு. பக்கத்து யூனிட்டுலயும் போடல. பென் டிரைவ ஓரமா வச்சிருக்கோம்.”

அப்புறம்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதியது பழைய ஃபைலின் ரேகை. திங்கட்கிழமை திருத்தியதும் அது மாறிவிட்டது. சிலேட்டை நான் மாற்றவே இல்லை.

நூல் கடைக்குப் போன் செய்து புதிய ரேகையைச் சொன்னேன். எழுத மாட்டாராம். “போன்ல யாரு வேணா ஒங்க கொரல்ல பேசலாம். நீங்க வந்து எழுதுங்க.”

போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்க்கிறார்கள், குணசேகரன் அண்ணாச்சி. என் பேச்சையே கேட்க மாட்டோம் என்கிறார்கள்.

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. முதலாளி காரணம் கேட்டார். சிலேட்டில் எழுத வேண்டும் என்றேன்.