கரைந்துபோன திருகாணி

வியாழக்கிழமை, இரவு

அம்பத்தூர் பட்டறைக்கு இன்று கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி மேடம் வந்தார். நான் லேத்தில் கடைந்து கொடுத்த துத்தநாகக் கலவைத் திருகாணிகளை ஓர் ஆட்டின் ஒடிந்த காலில் வைத்திருந்தார்கள். எலும்பு சேரும்வரை அவை பிடித்திருக்க வேண்டும், பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துவிட வேண்டும். முன்னாலேயே கரைந்தால் கால் போச்சு. இத்தனை நாளும் எனக்கு அந்தப் பயம்தான்.

முதலில் செய்தவற்றில் மரை, அதாவது திருகு வரி, பிய்ந்துபோனது. "நமக்கு வேணாம்மா, வுட்ரு" என்றார் முதலாளி. நான் விடவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்துப் பார்த்துக் கடைந்தேன்.

மேடம் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. திருகாணி இருந்த இடத்தில் மெல்லிய கோடுதான் மிச்சம்.

பக்கத்து மெஷின் சேகர் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, நீ செஞ்சது காணாம பூட்ச்சி, சிரிச்சிகினு கீற?"

"காணாம போறதுக்குத்தான்டா செஞ்சேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் காலில் இருக்கும் ஸ்டீல் பிளேட்டை எடுக்க அடுத்த மாதம் மறுபடியும் ஆபரேஷன். விஷயத்தைச் சொன்னதும், "இத முன்னாடியே எனக்குச் செஞ்சிருக்கலாமில்ல?" என்று கேட்டார். மனிதர்களுக்கு வைக்க இன்னும் எத்தனை வருடமோ.

இப்போது வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கதையில் அந்த ஆடு ஓடவே ஆரம்பித்துவிட்டது.