நீல அங்கிக்கு அடியில்

அன்புத் தோழி அலெய்துக்கு, கெண்ட் நகரத்துச் சித்திரக்காரி கேட்லைன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். கணவன் செத்த மாதமே கொழுந்தன் கொண்டுபோய்க் கன்னியர் மடத்தில் தள்ளியவளிடம் அதைக் கேட்பது கேலி. மடத்து ரொட்டியில் மணல் கடிபடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கொழுந்தன் யோஸை மன்னித்துவிடலாம் என்று பார்ப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுத் தூரிகையை எறிந்தேன்.

அவன் போன வாரம் என் பட்டறைக்கு வந்தான். கையில் உன் ஜெபப் புத்தகம். உன் திருமணத்துக்கு நான் தீட்டியது அல்லவா? மாதாவின் காலடியில் நீயும் உன் கணவன் கில்லிஸும் மண்டியிட்டிருக்கிறீர்கள். கீழே இரண்டு வீட்டுச் சின்னமும் ஒரே கேடயத்தில். முறையாக மணந்தவளுக்குத்தான் அப்படி வரைவோம் என்பது ஆயருக்கும் தெரியும். உங்களை மணமுடித்த பாதிரியாரைக் கொள்ளைநோய் கொண்டுபோன பிறகு மிஞ்சிய சாட்சி படம் உள்ள அந்தப் பக்கம்தான்.

"இவ மூஞ்சிய சுரண்டி எடுத்துரு, கேட்லைன். எங்கண்ணன் தனியா கும்பிடணும். இவ அவன் வச்சிருந்தவ, பொண்டாட்டியா என்ன?" என்றான். உன் மகன் ஹன்னெகின் முறைதவறிப் பிறந்தவனாகிவிட்டால் வீடும் ஆலையும் யோஸுக்கு. ஈஸ்டர் முடிந்ததும் ஆயர் சபையில் விசாரணை; இந்தப் புத்தகத்தைத் தொட்டு அவன் சத்தியம் செய்ய வேண்டும். நாளை நம்மை அறியாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்தால், படத்தில் இல்லாதவள் பூமியிலும் இருந்ததில்லை என்றே எண்ணுவார்கள். பாவிக்கு அது நன்றாகப் புரிந்திருக்கிறது.

நான் சிரித்த முகமாகவே பேசினேன். சுரண்டினால் பக்கத்தின் ஆட்டுத்தோல் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றேன். பயந்துவிட்டான். "அப்ப மாதா அங்கிய இழுத்து அவமேல போட்டு மூடு. நீலத்த தாராளமாப் பூசு, ஆயருக்குக் கண்ணு கூசணும்" என்றான்.

தாராளமாகவே பூசினேன், அலெய்த். முதலில் நீலம் ஒட்டிக்கொள்ளாதபடி உன் முகத்தின் மேலும் கேடயத்தின் மேலும் தேன்மெழுகை லேசாகத் தேய்த்தேன். பிறகு நீலம் குழைத்தேன்; நிறத்தைப் பிடித்துவைக்கும் பசையைக் கண்ணில் காட்டினேன், அவ்வளவுதான். ஈரக் கை பட்டால் நிற்காது. அதுவரை உதிராமலிருக்க மேலே பட்டுத்திரை தைத்து, "சத்தியம் பண்ற அன்னிக்குத்தான் தெறக்கணும், இல்லன்னா கண்ணுபட்டுரும்" என்றேன். தலையாட்டினான். என் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னான். அவன் உள்ளங்கை அப்போதே பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவன் சத்தியம் செய்யப்போவது அதே மாதா படத்தின் மேல்தான். கையை அழுத்தி வைத்து, உன்னைத் தன் அண்ணன் மணக்கவே இல்லை என்பான். கையை எடுக்கும்போது நீலம் அவன் கையில் இருக்கும். நீ மறுபடியும் அந்தப் பக்கத்தில், மாதாவின் காலடியில் இருப்பாய்.

தலைமைக் கன்னியரிடம் எப்படியாவது அனுமதி வாங்கி ஹன்னெகினையும் கூட்டிக்கொண்டு வா. முன்வரிசையில் நில். மாதா உன்னைத் தன் அங்கிக்குள் வைத்துக் காப்பாளாக. இரவில் ஜெபிக்கும்போது யார் பெயரை வேண்டுமானாலும் சொல். அவனை மட்டும் ஈஸ்டர் முடியும்வரை மன்னித்துவிடாதே, கண்ணே.

உன்
கேட்லைன்