விபத்தில்லா நாட்கள்

மார்ச் 4
கடிதம் வந்தது. காயத்துக்கான ஓய்வூதியம் மறுப்பு. 'முதுகுத்தண்டுக் காயம் ராணுவப் பணியால் ஏற்பட்டதல்ல.' ஆதாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு: 'குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறினார்.'
நோயாளி நான்தான். கூறியதும் நான்தான்.

மார்ச் 5
நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். டாங்கி பழுதுபார்க்கும் ஷெட். நானும், 'மீசை' என்று நாங்கள் கூப்பிடும் ஷிஃப்ட் தலைவரும் மட்டும். கியர்பாக்ஸைத் தூக்கும்போது சங்கிலி நழுவியது. விலகியிருக்கலாம், தாங்கிப் பிடித்தேன் — மடையன். வாசல் பலகையில் 'விபத்தில்லா நாட்கள் 298'. முந்நூறு ஆனால் ஷெட்டுக்கே ஒரு வாரம் லீவு.
"ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோடா தம்பி," என்றார் மீசை. பதிவேட்டில் 'சம்பவம் ஏதுமில்லை' என்று கையெழுத்தும் போட்டார். மூன்றாம் நாள் கால் மரத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஷெட் என்று சொன்னால் தேதி கேட்பார்கள், எல்லோர் லீவும் போகும்.
எங்கள் ஷெட்டில் அடிபட்டவன் எவனும் குளியலறையில்தான் விழுந்திருப்பான்.

மார்ச் 18
மேல்முறையீட்டுக்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டுமாம். மீசைக்கு போன் போட்டேன்.
"கையெழுத்துப் போட்டது நான்டா. பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம். என்னை ஏன்டா உள்ள இழுக்குற?"
அசிங்கமாகத் திட்டிவிட்டு வைத்தேன்.

ஏப்ரல் 2
பாப்பா "தூக்குப்பா" என்கிறாள். தரையில் படுத்துக்கொண்டேன். மேலே ஏறிக்கொண்டாள். அவ்வளவுதான் முடிகிறது.

ஜூன் 11
விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.
"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"
"அன்னிக்குச் சொன்னது, சார்."
"அப்ப நீங்க பொய் சொல்லக்கூடிய ஆள்தான்."
வெளியே வந்ததும் மனைவி, "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், மூஞ்சியிலயே எழுதியிருக்கு," என்றாள்.

ஜூலை 30
ஜெயித்துவிட்டேன். உத்தரவில் ஒரு வரி: விசாரணைக்குப் பின் தபாலில் வந்த ஷிஃப்ட் தலைவரின் வாக்குமூலம் ஏற்கப்படுகிறது.
மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 31
எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23
மீசை வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். பதிவேட்டில் பொய் எழுதியதற்காக வேலை நீக்கம். பென்ஷன் கிடையாது. மனைவி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.
"அப்பீல் எப்படிடா எழுதுறது? உனக்குத்தான் பழக்கமாச்சே."
அவர் கொண்டுவந்த படிவத்தை விரித்தேன். 'தண்டனைக்கான காரணம்' என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.
"எழுதுடா," என்றார். "உள்ளதையே எழுது."