அத்தை பெயருக்கு நேரே இருந்த எண்

எம். புதுப்பட்டி
13.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் “ம், அப்புறம்?” என்று கேட்டதும் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். மூன்று நாளாக அப்படித்தான் நடக்கிறது. வெள்ளைத்துரை அண்ணன் லீவு முடிந்து திங்கள்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே தீபாவளிப் பட்டாசு சீசன் உச்சத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே கம்பெனி வேன் வந்துவிடுகிறது. ஆனைக்குட்டம் பக்கம் நல்ல மழையாம், நமக்குத் தூறலோடு சரி. நம் மகள் பிரீத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள். கணக்குதான் பயமாக இருக்கிறது என்கிறாள்.

கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா? எல்லாரையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்றால் நல்லது. ஐம்பதுக்குக் கீழே என்றால் அந்த ஆளைப் பட்டாசு மருந்துப் பொடி கலக்கும் அறைக்குள் விடவே கூடாது. ரிசல்ட் எல்லாம் ஒரே பி.டி.எஃப். ஆக வந்தது. நாற்பத்தாறு பக்கம், அறுநூற்று முப்பத்தெட்டுப் பேர். அதை எக்செல்லில் போட்டு, எண் குறைந்தவர்களைத் தனியாக எடுத்து இரண்டு நாளில் தரும்படி மேனேஜர் தங்கப்பாண்டியன் சார் சொன்னார். ஆர்டர் டைப் செய்வது, லோடு சீட்டுப் போடுவது எல்லாவற்றுக்கும் ஆபீசில் நான் ஒருத்திதான்.

பி.டி.எஃப்.பில் பார்த்தால் கட்டம் கட்டமாக அழகாக இருக்கிறது. காப்பி செய்து எக்செல்லில் போட்டால் எல்லாம் ஒரே வரிசையில் குவிந்துவிடுகிறது. கடைசியில் இன்டர்நெட்டில் ஒரு இடத்தில் ஏற்றி மாற்றினேன். கட்டங்கள் வந்தன. ஆனால் முத்துமாரியம்மாள் என்கிற பெயர் நீளமாக இருந்ததால் இரண்டாக உடைந்து, பாதிப் பெயர் கீழே அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. ‘யம்மாள்’ என்று தனியாக நின்ற அந்த வரியை நான் முழுசாக அழித்துவிட்டேன். அதற்கு நேரே இருந்த எண் வேறொரு ஆளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து கீழே உள்ள ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் அடுத்த ஆளின் எண் ஏறிக்கொண்டது. அந்தப் பட்டியல் முடியும் இடத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. முகாமுக்கு வராத ஆள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மாமா, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முடித்ததும் நான் முதலில் தேடியது அத்தை பெயரைத்தான். உங்கள் அம்மா இருமுவதை நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். சின்னத்தாய் என்பதற்கு நேரே எண்பத்தாறு என்று இருந்தது. மனசு ஆறிவிட்டது. அதற்கு மேல் எதையும் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை. அப்படியே சாரிடம் கொடுத்துவிட்டேன்.

அத்தையோடு ஒரே நாளில் அந்தப் பொடி அறை வேலைக்குச் சேர்ந்த வேலுத்தாய் அக்காவுக்கு நாற்பத்தொன்று என்று வந்திருந்தது. மறுநாளே அவர்களை அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊருக்குள் டி.பி. என்று பேச்சாகி, அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட ஆட்கள் யோசித்தார்கள். அத்தை மட்டும் தினமும் போய், அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவார்கள்.

பட்டியலைக் கொடுத்த பத்தொன்பதாம் நாள் வேலுத்தாய் அக்கா ஆபீசுக்கு வந்தார்கள். “தாயி, நான் ஊதும்போது அந்த டாக்டரம்மா நல்லா ஊதுறீகன்னுதான் சொன்னாக. மதுரையில போயி ஊதினா எண்பத்துமூணுங்கிறாக. அந்தப் பேப்பரை ஒருக்கா எடுத்துப் பாரேன்” என்றார்கள். நான் பி.டி.எஃப்.பைத் திறந்தேன். வேலுத்தாய், எண்பத்துநாலு. அடுத்த வரி சின்னத்தாய், நாற்பத்தொன்று.

அக்கா எட்டாவது வரை படித்தவர்கள். திரையை அவர்களே படித்துவிட்டார்கள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சின்னத்தா இப்ப அந்த ரூமுக்குள்ளதான இருக்கா? ஓடு” என்றார்கள்.

ஓடினேன். அத்தை கையெல்லாம் சாம்பல் நிறப் பொடியோடு வெளியே வந்து, “ஏட்டி, என்ன இப்படி ஓடியாற? பிள்ளைக்கு எதுவுமா?” என்று பதறினார்கள். ஒன்றுமில்லை, கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அதே கையோடு சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “எம்புட்டுப் பேருக்கு மாறியிருக்கு?” என்றார். எழுபத்தொரு பேருக்கு என்றேன். “உன்னைத் திட்ட இப்ப நேரமில்ல. மொதல்ல சரி பண்ணு” என்றார். உள்ளே இருக்கக் கூடாதவர்கள் அத்தையோடு சேர்த்து ஆறு பேர். அன்றைக்கே வெளியே எடுத்தார்கள். என் வேலை என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. சீசன் முடியட்டும் என்றிருக்கிறார் சார்.

இந்தத் தடவை எந்தக் குறுக்கு வழியும் இல்லை. நாற்பத்தாறு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, அறுநூற்று முப்பத்தெட்டுப் பேரையும் கையால் அடித்தேன். படித்துச் சொன்னது யார் தெரியுமா? வேலுத்தாய் அக்கா. நான் கூப்பிடவில்லை, அவர்களே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஞாயிறும் திங்களும் படித்தார்கள். காலில் விழப் போனேன். “அதெல்லாம் பொறவு பாப்போம், அடுத்த பேரை அடி” என்று சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை அத்தையை மதுரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஊதியபோது முப்பத்தெட்டு. இந்தப் பத்தொன்பது நாளால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். பல வருஷமாகச் சேர்ந்தது, இந்த நாட்களை மட்டும் சொல்ல முடியாது என்றார். அதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் தூக்கம் வரவில்லை.

அத்தை இப்போது வீட்டில்தான் இருக்கிறார்கள். தெருக்குழாய்க்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. “அவன்கிட்ட மூச்சு விடாத. வேலையைப் போட்டுட்டு வந்து நிப்பான்” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் கூப்பிடும்போது முன்கூட்டியே தண்ணீர் குடித்து, இருமலை அடக்கிக்கொண்டுதான் போனை வாங்குகிறார்கள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

என் மேல் கோபம் வரும். வர வேண்டியதுதான். அதைப் போனில் கொட்டிவிடாதீர்கள், நேரில் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள் மாமா. தீபாவளிக்கே வந்துவிடுங்கள். முடிந்தால் அதற்கும் முன்னால். வரும்போது லீவு சும்மா கிடைத்தது என்று அத்தையிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள் வரும்போது முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு வாருங்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
பொன்மணி