என் வீட்டுக் கதிரை

ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

நான் சிறுவயதில் அடிமையாகக் கிடந்த வீட்டின் மகள் இன்று மத்தியானம் வந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. விமானக் குண்டுக்குப் பயந்து என் பேரப்பிள்ளைகளைத் திரியாய்க் கிராமத்துக்கு அனுப்பிய பிறகு, என் வாசலுக்கு வந்த முதல் ஆள் அவர்தான். நேரே வந்து என் ஒரே கதிரையில் உட்கார்ந்தார்.

"வேலைக்காரர் எல்லாம் கூலி கூட எண்டு துறைமுக வேலைக்குப் போயிட்டாங்கள். நீ திரும்பி வாவன்."

"ஏலாது அம்மா. நான் வரமாட்டன்."

"அஞ்சாம் வகுப்புப் படிப்பு உனக்கு நல்ல வாயைத் தந்திருக்கு!"

அவர் போன பிறகுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் என் சொந்த வீட்டில் நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

என் வாழ்க்கையை எழுதும் கொப்பியில், 'இனி நான் எவருக்கும் அடிமை இல்லை' என்று போன மாதம் எழுதினேன். அந்த வரியை வெட்டப் பேனையை எடுத்தேன், வெட்டவில்லை. இப்போது அந்தக் கதிரையில்தான் இருக்கிறேன். பார்க்க ஒருவரும் இல்லை.